எலும்பைக் கடிக்கும் கிடை மாடுகளுக்கு என்ன கொடுப்பது?

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்கள் மேலூர் பக்கம். அப்பா காலத்திலிருந்தே கிடை மாடு வைத்திருக்கிறோம், புலிக்குளம் இனம், சிறிசும் பெரிசுமாக எழுபது உருப்படி. இரண்டு வருஷமாக மாடுகள் எலும்பு, பழைய துணி, செருப்பு, சாக்கு என்று எதைக் கண்டாலும் வாயில் போட்டு மெல்லுகின்றன. கன்று போட்ட பசு மறுபடி பருவத்துக்கு வர ஒன்றரை வருஷம் ஆகிறது. கன்றுகளுக்கு வளர்த்தி இல்லை. கழிக்கிற மாட்டைக் கறிக்குக் கொடுத்தால் எடை தேறவில்லை என்று வியாபாரி விலையை அடிக்கிறார். போன ஆடியில் நன்றாக இருந்த இரண்டு பசு பின்னங்கால் தள்ளாடிப் படுத்தது, நாக்கு வெளியே தொங்கியது, மூன்றாம் நாள் செத்துப்போனது, காய்ச்சல் இல்லை. மருந்துக் கடைக்காரர் கால்சியம் டானிக் ஊற்று என்கிறார், ஒருத்தர் ஊசி போடச் சொல்கிறார், இன்னொருத்தர் உப்புக்கட்டி தொங்கவிடு என்கிறார். எழுபது மாட்டுக்கும் தினம் வாயில் ஊற்ற முடியுமா? எதைக் கொடுப்பது, எந்த மாதம் கொடுப்பது?

பதில்: வணக்கம் அண்ணே. கடிதத்தில் எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாடுகளுக்கு முதலில் குறைவது பாஸ்பரஸ், நம் பேச்சில் மணிச்சத்து. அதை உப்போடு கலந்து, ராத்திரி கிடை மடக்குகிற இடத்திலேயே தொட்டியில் வையுங்கள். கோடையில் மட்டும் கொடுத்து நிறுத்திவிடாமல், மழை பெய்து புல் பச்சையாக இருக்கிற மாதங்களில்தான் விடாமல் கொடுக்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏன் தலைகீழ் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் செத்த இரண்டு பசுவைப் பற்றிப் பேசிவிடலாம், அதுதான் அவசரம்.

நீங்கள் எழுதியிருக்கிற அடையாளங்கள், அதாவது காய்ச்சல் இல்லை, பின்னங்காலில் ஆரம்பித்த தள்ளாட்டம், நாக்கை உள்ளே இழுக்க முடியாமல் தொங்கவிடுவது, இரண்டு மூன்று நாளில் சாவு, இதெல்லாம் சேர்ந்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது பொட்டுலிசம் என்கிற விஷத்தின் மேல். செத்த மாட்டின், ஆட்டின், நாயின் அழுகிய உடம்பிலும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிற எலும்பிலும் ஒரு பாக்டீரியா வளர்ந்து இந்த விஷத்தை உண்டாக்குகிறது. மணிச்சத்து இல்லாத மாடு எலும்பைத் தேடும், எலும்போடு விஷமும் உள்ளே போகும். 1920-ஐ ஒட்டி தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்ட் தெய்லர் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய கூட்டத்தாரும் கண்டுபிடித்தது இதைத்தான். அங்கே மேய்ச்சல் மாடுகள் கூட்டம் கூட்டமாக வாதம் வந்து விழுந்துகொண்டிருந்தன, விஷச்செடி என்றுகூடத் தேடிப் பார்த்தார்கள். கடைசியில் மண்ணில் பாஸ்பரஸ் இல்லை, அதனால் புல்லில் இல்லை, அதனால் மாடு எலும்பைக் கடிக்கிறது, எலும்பில் விஷம் இருக்கிறது என்று சங்கிலி முழுக்கத் தெரிந்தது. சுத்தம் செய்த எலும்புத் தூளைத் தினம் கொஞ்சம் கொடுத்ததும் மாடுகள் எலும்பைத் தேடுவதையே விட்டுவிட்டன. நூறு வருஷம் ஆகிவிட்டது, நம் ஊர்ப் பக்கம் இன்னும் எலும்பைக் கடிக்கிற மாட்டைப் பார்த்து "அதுக்குக் கெட்ட பழக்கம்" என்று சொல்லி மூங்கில் குச்சியால் அடித்து விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

இன்றைக்கு சாயங்காலம் மாடு மடக்க வரும்போது ஒரு பசுவை மட்டும் நின்று பாருங்கள். எலும்பு கிடைத்ததும் தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும், எலும்பை முன்வாயிலிருந்து கடைவாய்க்குத் தள்ளும், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கரகரவென்று அரைக்கும், எச்சில் நூலாக வழியும். பக்கத்தில் இருக்கிற மாடு வந்து அந்த எச்சிலை நக்கும், சில சமயம் எலும்பைப் பறிக்க முட்டும். நல்ல புல் காலடியில் இருக்கும்போதே இப்படிச் செய்கிறதா என்று கவனியுங்கள், அது முக்கியம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: மேய்ச்சல்காட்டிலும் கண்மாய்க் கரையிலும் கிடக்கிற எலும்பு, காய்ந்த பிணம் எல்லாவற்றையும் பொறுக்கி ஆறடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். இனி எந்த மாடு செத்தாலும் ஓடையில் இழுத்துப் போடாதீர்கள். அதோடு ஒரு எச்சரிக்கை. நாக்கு தொங்குகிறது, எச்சில் வழிகிறது, விழுங்க முடியவில்லை என்றால் வெறிநோயாகவும் இருக்கலாம், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுவிடாதீர்கள், வீட்டுப் பிள்ளைகளையும் விடவிடாதீர்கள். திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் வந்தால் அது அடைப்பானாக இருக்கலாம், அந்த மாட்டை அறுக்கவே கூடாது. மறுபடி ஒன்று படுத்தால் கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் செய்யுங்கள், மாடு உயிரோடு இருக்கும்போதே டாக்டர் பார்க்க வேண்டும், செத்தபின் ஊகம்தான் மிஞ்சும்.

சரி, இப்போது சத்துக்கு வருவோம். ஏன் உங்கள் மாட்டுக்கு மட்டும் இப்படி, பக்கத்து வீட்டில் கட்டிப்போட்டு வளர்க்கிற கலப்பினப் பசு எலும்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே என்று கேட்பீர்கள். அந்தப் பசு தவிடும் பிண்ணாக்கும் தின்கிறது. தவிட்டில் மணிச்சத்து கொட்டிக் கிடக்கிறது, நூறு கிராமுக்கு ஒன்றேகால் ஒன்றரை கிராம் இருக்கும். உங்கள் மாடு தின்பது தரிசுப் புல், அறுத்த வயலின் தாள், புறம்போக்கில் முளைத்தது. கோடையில் காய்ந்த புல்லில் நூறு கிராமுக்குப் பத்தில் ஒரு கிராம் கூடத் தேறாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இருநூற்றைம்பது கிலோ எடையுள்ள நாட்டுப் பசு ஒரு நாளைக்கு ஈரம் போக ஐந்தாறு கிலோ தின்னும், அதில் கிடைக்கிற மணிச்சத்து ஐந்து ஆறு கிராம். வேண்டியது பத்துப் பன்னிரண்டு, கன்றுக்குப் பால் கொடுக்கிறது என்றால் இன்னும் மேலே. பாதிக்குப் பாதி துண்டு விழுகிறது. மீதியை மாடு எங்கிருந்து எடுக்கும்? தன் எலும்பிலிருந்து உருவி எடுத்துக் கன்றுக்குப் பாலாகக் கொடுக்கும். உள்ளே எலும்பு கரைந்ததும் வெளியே எலும்பைத் தேட ஆரம்பிக்கிறது.

இதில் கிடை மாட்டுக்கென்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது, கிடை மந்தையை நடத்துகிற கீதாரிகள் யாரிடம் பேசினாலும் நான் இதை எடுத்துச் சொல்லுவேன். மாடு தின்கிற மணிச்சத்தில் பெரும்பகுதி சாணத்தில்தான் வெளியே போகிறது. பகலெல்லாம் புறம்போக்கிலும் கண்மாய்க்குள்ளும் மேய்கிறது, ராத்திரி சம்சாரி வயலில் மடக்குகிறீர்கள், சாணமும் மூத்திரமும் அந்த வயலுக்குப் போகிறது. அதற்காகத்தானே கிடைக்கூலி கொடுக்கிறார்கள், நல்லதுதான், நெல் செழிக்கும். ஆனால் அப்பா காலத்திலிருந்து, தாத்தா காலத்திலிருந்து, மேய்ச்சல் நிலத்தின் மணிச்சத்து கொஞ்சம் கொஞ்சமாக நெல் வயலுக்கு மாறிக்கொண்டே இருக்கிறது, மேய்ச்சல் நிலத்துக்கு யாரும் ஒரு பிடி உரம் போட்டதில்லை. அந்தப் புறம்போக்கும் சுருங்கிப் பாதி இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அதனால் வயல்காரர் உங்களுக்குக் கடன்பட்டவர்தான் அண்ணே. கிடை பேசும்போது கூலியோடு ஒரு மூட்டை உப்பும், மணிச்சத்து உள்ள டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) பவுடரும் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், அந்தச் சத்து நாளைக்குக் காலையில் அவர் வயலில்தான் கிடக்கப் போகிறது.

கரிசல் பக்கம் மேய்க்கிறவர்களுக்கு வேறு சிக்கல். அந்த மண்ணில் சுண்ணாம்பு அதிகம், அது மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், பயிர் எடுக்க முடியாது. செவல் மண்ணில் சத்தே இருப்பு குறைவு. வைக்கோலையும் நெல் தாளையும் நம்பினால் அதில் சிலிக்காவும் ஆக்ஸலேட்டும் இருக்கிறது, இருக்கிற கொஞ்சநஞ்ச சுண்ணாம்புச் சத்தையும், அதாவது கால்சியத்தையும், ஆக்ஸலேட் கட்டிப்போட்டுவிடும். நம் மாநிலத்து மண்ணில் துத்தநாகம் குறைவு என்பது வேளாண்மைக்காரர்கள் பல வருஷமாகச் சொல்லிவருவது, நெல்லுக்கு ஜிங்க் சல்பேட் போடச் சொல்வது அதனால்தான்.

கால்சியம் டானிக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கன்று போட்ட இரண்டு மூன்று நாளில் பசு காது குளிர்ந்து கழுத்தை மடித்துப் படுத்துவிட்டால் கால்சியம் உயிர் காக்கும், அதை டாக்டர்தான் ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும். மேய்ச்சல் மந்தைக்கு மாதக்கணக்கில் டானிக் ஊற்றுவது வேறு. உங்கள் மாட்டுக்குக் குறைவது மணிச்சத்து, அது குறைந்திருக்கும்போது சுண்ணாம்புச் சத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் நிலைமை மோசமாகும். தண்ணீர்த் தொட்டியில் சுண்ணாம்பு கரைத்து வைக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, எலும்பு கடிக்கிற மந்தையில் அதை நிறுத்துங்கள். ஊசி பற்றியும் அதேதான். மணிச்சத்து ஊசி ஒரு சில நாளுக்குத் தாங்கும், காலியான எலும்பை நிரப்புகிற அளவு சத்து எந்தப் பாட்டிலிலும் அடங்காது. தாமிரம், செலினியம் ஊசிகளை ரத்தமோ ஈரலோ பரிசோதிக்காமல் மந்தைக்கே போடுவது ஆபத்து, அளவு மிஞ்சினால் மாட்டைக் கொன்றுவிடும். உப்புக்கட்டி கொட்டகையில் கட்டியிருக்கிற ஒன்றிரண்டு மாட்டுக்குப் பரவாயில்லை, உங்களுக்கு ஒத்துவராது. பெரும்பாலான கட்டிகளில் இருப்பது சாதா உப்புதான், கல் மாதிரி இறுகியும் இருக்கும், எழுபது மாடு முறை வைத்து நக்கினாலும் வேண்டிய மணிச்சத்து உள்ளே போகாது.

தூளாகத்தான் வைக்க வேண்டும். ஏன் உப்போடு என்றால், டி.சி.பி. பவுடருக்கு ருசி கிடையாது, அதைத் தனியாக வைத்தால் மாடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். உப்புக்கு எந்த மாடும் வரும், நம் ஊர்ப் புல்லில் சோடியம் குறைவு, கிடையில் ஒரு மாடு மூத்திரம் விட்டால் இன்னொன்று போய் நக்குவதைப் பார்த்திருப்பீர்களே. உப்பைத் தேடி வருகிற மாட்டின் வயிற்றுக்குள் மற்ற சத்தெல்லாம் கூடவே போய்விடும். அதுவும் கிடை மாட்டில் ஒரு பெரிய வசதி. பத்து மைல் சுற்றி மேய்ந்தாலும் சாயங்காலம் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துதானே ஆக வேண்டும், வெளிநாட்டில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் மாடு விட்டிருக்கிறவர்களுக்குக் கூட இந்த வசதி இல்லை.

பொடித்த கல்லுப்பு 10 கிலோ, டி.சி.பி. பவுடர் 10 கிலோ, உப்பு சேர்க்காத தாது உப்புக் கலவை 5 கிலோ, தவிடு 3 கிலோ. வெயிலில் ஒரு படுதா விரித்து நன்றாகப் புரட்டிக் கலந்து சாக்கில் கட்டி வையுங்கள். பெரிய மாட்டுக்கு நாளைக்கு அறுபது எழுபது கிராம், நம் கையால் ஒரு பிடி. கன்றுகளைக் குறைத்துக் கணக்கிட்டால் உங்கள் மந்தை ஐம்பது பெரிய மாட்டுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு நாளொன்றுக்கு மூன்றரை கிலோ, ஆக இந்த 28 கிலோ எட்டு நாளைக்கு வரும். இந்த அளவில் ஒரு மாட்டுக்கு டி.சி.பி. 25 கிராம் போகிறது, அதில் மணிச்சத்து நாலரை கிராம், தாது உப்புக் கலவையிலிருந்து இன்னொரு ஒன்றரை கிராம், மொத்தம் ஆறு. மேலே துண்டு விழுந்தது எவ்வளவோ அதே ஆறுதான்.

வாங்கும்போது கவனம். தீவனக் கடையில் தீவனத் தரம் என்று கேட்டு டி.சி.பி. வாங்குங்கள், மூட்டையில் பாஸ்பரஸ் 18 சதவீதம் என்று போட்டிருக்கும். உரக்கடை டி.ஏ.பி. வேறு, பெயர் ஒன்று போல இருப்பதால் மாற்றி எடுத்து வந்துவிடாதீர்கள், அதையோ சூப்பர் பாஸ்பேட்டையோ மாட்டுக்கு வைக்கக் கூடாது. பாறையை அரைத்த பாஸ்பேட்டில் ஃபுளோரைடு இருக்கும், அது சேர்ந்தால் பல் கறை பிடித்துத் தேய்ந்து, மூட்டு வீங்கி, மாடு நொண்ட ஆரம்பிக்கும். தாது உப்புக் கலவையில் ஐ.எஸ். 1664 என்ற தர எண் இருக்கிறதா, பாஸ்பரஸ் 12 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள், துத்தநாகம், தாமிரம், கோபால்ட், அயோடின் பெயர்கள் அளவோடு அச்சிட்டிருக்க வேண்டும். "சகல சத்தும் அடங்கியது" என்று மட்டும் போட்டிருக்கிற பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நம் மாநிலத்தின் மண்ணையும் தீவனத்தையும் ஆராய்ந்து தாது உப்புக் கலவை தயாரித்திருக்கிறது, திருப்பரங்குன்றத்தில் அவர்களுடைய பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, உங்களுக்கு மேலூரிலிருந்து ஒரு பஸ் மாறினால் போதும், ஒரு தடவை நேரில் போய்க் கேளுங்கள். போகும்போது மாடு மேய்கிற புல்லில் இரண்டு மூன்று இடத்தில் கைப்பிடி கைப்பிடியாகப் பறித்துக் காயவைத்து எடுத்துப் போனால் அதைப் பரிசோதிக்க வழி உண்டா என்றும் விசாரிக்கலாம்.

தொட்டிக்குத் தகரம் வேண்டாம், உப்பு ஆறே மாதத்தில் அரித்துவிடும். பிளாஸ்டிக் டிரம்மை நெடுக்கில் பாதியாக அறுத்துக் கட்டையில் நிற்க வையுங்கள், கிடை மாற்றும்போது தூக்கிப் போகவும் சுலபம். ஒன்று போதாது, குறைந்தது மூன்று வேண்டும், தூரம் தூரமாக வைக்க வேண்டும். மந்தையில் நாலைந்து வல்லடிப் பசுக்கள் இருக்கும், அவை கொம்பை நீட்டிக்கொண்டு நின்றால் தலையீற்றுக் கிடேரி பக்கத்திலேயே வராது, ஆனால் சத்து அதிகம் வேண்டியது அந்தக் கிடேரிக்குத்தான், அது தானும் வளர்ந்து, கன்றுக்கும் பால் கொடுத்து, மறுபடி சினைக்கும் வர வேண்டும். கன்றுகளை அடைக்கிற இடத்தில் ஒரு சின்னத் தொட்டி தனியாக வையுங்கள், கன்றுக்குப் பத்துப் பதினைந்து கிராம் போதும்.

முதல் நாள் சாக்கைக் கவிழ்த்துவிடாதீர்கள். இத்தனை நாள் உப்புக்கு ஏங்கிய மாடு வயிறு முட்டத் தின்றுவிடும், தண்ணீர் பக்கத்தில் இல்லையென்றால் உப்பே விஷமாகிவிடும். கண்மாயிலோ தொட்டியிலோ தண்ணீர் காட்டிய பிறகு, ஆளுக்கு அரைப் பிடி கணக்கில் ஒரு வாரம் வைத்துப் பழக்குங்கள், அப்புறம் முழு அளவுக்குப் போகலாம். வாரத்துக்கு ஒருமுறை எவ்வளவு தீர்ந்தது என்று எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அளவுக்கு மேல் தின்றால் உப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள், மாடு தானே நிறுத்திக்கொள்ளும். தின்னவில்லை என்றால் தவிட்டைக் கூட்டுங்கள். சில ஊர்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அந்தத் தண்ணீர் குடிக்கிற மாடு உப்பைச் சீண்டாது, அங்கே தவிடும் கொஞ்சம் வெல்லப்பாகும்தான் வழி. மழைத் தண்ணீர் தொட்டியில் தேங்காமல் மேலே ஒரு ஓலையோ ஷீட்டோ வேண்டும். யூரியாவை மட்டும் யார் சொன்னாலும் இந்தத் தொட்டியில் கலக்காதீர்கள், மழை பெய்து கரைந்த தண்ணீரை மாடு உறிஞ்சினால் அங்கேயே சாயும்.

இப்போது மாதம். கோடையில் மாடு மெலிவதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் சத்துக் கொடுக்கத் தோன்றும், அது இயல்புதான், ஆனால் சித்திரை, வைகாசியில் மாட்டுக்கு முதல் குறை வயிற்றுக்கும் புரதத்துக்கும். காய்ந்த தாளைத் தின்று எடை இறங்கிக்கொண்டிருக்கிற மாட்டுக்கு மணிச்சத்து கொடுத்தால் அதை வைத்து வளர அதனிடம் வேறு சரக்கு இல்லை. ஐப்பசி மழை விழுந்து, கார்த்திகை, மார்கழியில் புல் பச்சையாகத் தழைக்கும்போது புரதமும் தெம்பும் தாராளம், மாடு வளரப் பார்க்கிறது, பசு பால் சுரக்கிறது, கரைந்த எலும்பு மறுபடி நிரம்பப் பார்க்கிறது, அப்போதுதான் மணிச்சத்துக் குறை கையைக் கட்டிப்போடுகிறது. ஆஸ்திரேலியாவின் வடக்கில் மணிச்சத்து இல்லாத மண்ணில் கறி மாடு மேய்க்கிறவர்களும் இதையேதான் பார்த்திருக்கிறார்கள், மழைக்காலத்தில் கொடுத்த பாஸ்பரஸ்தான் எடையாகவும் கன்றாகவும் திரும்பி வருகிறது. கஷ்டம் என்னவென்றால் மழைக்காலத்தில் தொட்டி நனையும், பச்சை தின்கிற மாடு உப்புக்கு அவ்வளவாக வராமலும் இருக்கும், நமக்கும் மாடு பார்க்க நன்றாக இருக்கிறதே என்று அலட்சியம் வரும். புரட்டாசியிலேயே கலந்து தயாராக வைத்துக்கொண்டு தை மாதம் முடியும்வரை ஒரு நாளும் விடாதீர்கள். ஆடி, ஆவணியில் மழை கிடைத்துப் புல் முளைத்தால் அப்போதும் அதே அளவு.

இதை வைத்தே நோயையும் பிரித்துவிடலாம். கோடையில் மட்டும் மெலிந்து, மழை விழுந்ததும் மளமளவென்று தேறுகிற மந்தைக்குத் தீவனக் குறைதான். காலடியில் பச்சை இருந்தும் தின்ன மனசில்லாமல், முடி சிலிர்த்து, நடை விறைத்து, எலும்பைத் தேடுகிற மந்தைக்குத் தாதுக் குறை. உங்களுடையது இரண்டாவது மாதிரிதான் தெரிகிறது.

கோடையில் என்ன செய்வது என்றால், தொட்டியில் உப்பும் கலவையும் பாதி அளவு இருக்கட்டும், காசைத் தீவனத்தில் போடுங்கள். பால் கொடுக்கிற பசுவுக்கும் தலையீற்றுக் கிடேரிக்குமாவது கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கோ பருத்திக்கொட்டையோ. கடலைக்கொடி கிடைத்தால் தவறவிடாமல் வாங்கிப் போடுங்கள். அகத்தி, வாகை, வேம்பு என்று தழை ஒடிக்க முடிந்தால் ஒடித்துப் போடுங்கள். சீமைக்கருவேல நெற்று நல்ல தீவனம், ஆனால் இடித்துக் கொடுக்க வேண்டும், மொத்தத் தீவனத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மாதக்கணக்கில் அதையே தின்ற மாட்டுக்குத் தாடையும் நாக்கும் பலமிழந்து மெல்ல முடியாமல் போய்விடும், அதைப் பார்த்து நீங்கள் பழைய நோய் திரும்ப வந்துவிட்டது என்று பயந்துவிடுவீர்கள். முழு நெற்றாகத் தின்றால் விதை அப்படியே சாணத்தில் வந்து கிடை போட்ட வயலெல்லாம் முள் முளைக்கும், சம்சாரியோடு சண்டையும் வரும்.

மற்ற தாதுக்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன கலவையிலேயே அவை அடங்கிவிடும். கருத்த மாடு செம்பட்டை அடித்து, கண்ணைச் சுற்றி வெளுத்து, கழிச்சலும் இருந்தால் தாமிரம் குறைவு. மூக்கு, காது, கால் மடிப்பில் தோல் தடித்துப் பட்டை பட்டையாக உரிந்து, குளம்பு வெடித்து, புண் ஆறாமல் இருந்தால் துத்தநாகம். எவ்வளவு தின்றாலும் எலும்பும் தோலுமாக இருக்கிற கன்றுக்குக் கோபால்ட்டைச் சந்தேகிக்கலாம். கன்று பிறக்கும்போதே கழுத்தில் கழலையோடு, முடியில்லாமல் பிறந்தால் அயோடின். இதில் ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

அதனால்தான் கடைசியாக இதைக் கேட்கிறேன், குடற்புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள்? கண்மாய்க்குள் இறங்கி மேய்கிற மாட்டுக்கு நத்தையிலிருந்து ஈரல் புழுவும் தட்டைப் புழுவும் வரும், தாடைக்கடியில் நீர் கோத்து, ரத்தம் வெளுத்து, மெலிந்து, பார்க்க அப்படியே சத்துக் குறைவு மாதிரியே இருக்கும். உண்ணியால் வருகிற ரத்த நோயும் அப்படித்தான். பத்து மாட்டின் சாணத்தைத் தனித்தனிப் பொட்டலமாக எடுத்துப் பக்கத்து கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பாருங்கள், புழு இருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் தொட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் உப்புக்குப் போட்ட காசு புழுவுக்குப் போகும். மருந்தகத்தில் ரத்தம் எடுக்கிறேன் என்றால் சம்மதியுங்கள், ஒரு மாட்டில் எடுத்தால் ஒன்றும் தெரியாது, எட்டுப் பத்து மாட்டிலாவது எடுக்கச் சொல்லுங்கள், பால் கொடுக்கிற பசுவும் வளர்கிற கிடேரியும் அதில் இருக்கட்டும்.

கையில் காசு இறுக்கம் என்றால் டானிக்கையும் ஊசியையும் விட்டுவிட்டு உப்பும் டி.சி.பி.யும் மட்டும் முதலில் வாங்குங்கள், அதையும் கன்று போட்ட பசு, கிடேரி, வளர்கிற கன்று இவற்றுக்கு முதலில் வையுங்கள். எலும்பு கடிப்பது சில வாரங்களில் குறையும். பசு பருவத்துக்கு வருவதற்கும் எடைக்கும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுக்க வேண்டும், அதற்குள் பலன் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள். கழிக்க வைத்திருக்கிற மாடுகளையும் தை கடைசிவரை நிறுத்திவைத்து, எடை கட்டிய பிறகு வியாபாரியிடம் காட்டுங்கள், பங்குனியில் மெலிந்த பிறகு விற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த ஆடி, ஆவணிக்குள் எலும்பு பொறுக்குகிற வேலையையும் சாணப் பரிசோதனையையும் முடித்துவிட்டு, முடிவு என்ன வந்தது, கன்றுகளில் எத்தனை உருப்படி, தண்ணீர் எங்கே காட்டுகிறீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள் அண்ணே. கலவையின் அளவை உங்கள் மந்தைக்குத் தகுந்தபடி திருத்தி, புரட்டாசிக்கு முன்னால் பதில் போடுகிறேன்.